மாட்டு டாக்டரின் வலது கன்னம்

நகாசு வேலை செய்தேன் என்று சொன்னால் திருவண்ணாமலையில் பாதிப் பேர், "எந்த நகைக் கடையில?" என்று கேட்பார்கள். நகைக் கடை இல்லை. செங்கம் சாலையில் ஒரு வெண்கல வார்ப்புப் பட்டறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம், இப்போது என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் கவிதா ஃபோன் செய்தாள். பட்டறையில் இப்போது முகத்தைக் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். போட்டோக்களைக் கொடுத்தால் மெஷினே மாதிரியைக் கடைந்து கொடுத்துவிடுகிறது.

"அக்கா, ஒரு பெரியவரோட சிலை. அளவெல்லாம் கரெக்டா இருக்கு. குடும்பத்துக்காரங்க வந்து பாத்துட்டு, இது எங்கப்பா இல்லன்றாங்க. என்ன பண்றதுன்னே தெரியல."

"போட்டோல சட்டை பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன்.

"என்னக்கா? மூஞ்சிதான் பிரச்சன. பாக்கெட் எதுக்கு?"

"சொல்லேன்."

"போட்டோ கழுத்தோட நிக்குது. பாக்கெட்டே தெரியல."

"அப்ப அவருக்கு முடி வெட்டுனவரு யாருன்னு விசாரிச்சு கூட்டிட்டு வா."

கவிதா சிரித்தாள். வயதாகி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளுடைய சிலையில் காரணம் வேறாக இருந்தது. போட்டோ எடுத்த அன்று மட்டும் அந்தப் பெரியவர் பல்செட் போட்டிருந்தாராம். ஆனால் பாக்கெட்டையும் முடி வெட்டுபவரையும் நான் ஏன் கேட்டேன் என்று அவள் விடாமல் கேட்டதால், நடந்ததை எழுதியே கொடுக்கிறேன் என்றேன்.

முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அச்சை உடைத்து வெளியே எடுக்கும்போது சிலை யாரும் நினைப்பதுபோல் பளபளவென்று இருக்காது. கறுத்துப்போய், உலோகம் உள்ளே ஓடிய வழிகளெல்லாம் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு, முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். குச்சிகளை அறுத்தால் அறுத்த இடத்தில் வடு. துண்டுகளை ஒட்டவைத்தால் ஒட்டிய இடத்தில் வடு. காற்று அடைபட்ட இடத்தில் சின்னக் குழி. இவற்றையெல்லாம் இல்லாமல் செய்ய வேண்டும். அதே சமயம் சிலையின் தோல் தோலாகவும் துணி துணியாகவும் இருக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருப்பவை விரல் நீளத்துக்கு எஃகுக் கம்பிகள். நுனி கூராக இருக்காது. ஒன்று உருண்டையாக, ஒன்று தட்டையாக, ஒன்று நெல் மணி மாதிரி, ஒன்று பொரிபொரியாக. கம்பியை உலோகத்தின்மேல் சாய்த்து வைத்து, தலையில் இலேசான சுத்தியலால் தட்டுவோம். உளி உலோகத்தை வெட்டி எடுக்கும். இந்தக் கம்பி வெட்டாது, தள்ளும். மேட்டிலிருந்து கொஞ்சம் பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து கொஞ்சம் ஓரத்துக்கு. கெட்டியான வெண்கலமும் தட்டத் தட்ட நகரும் என்பதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. இன்றும் அந்த ஆச்சரியம் முழுதாகப் போகவில்லை.

எனக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். சமணக் குடும்பம், நெல் விவசாயம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். பட்டறையில் வார்ப்புக்கு முன்னால் மெழுகில் உருவம் எடுக்கும் வேலைக்குப் பெண்களைத்தான் எடுப்பார்கள். அப்படித்தான் சேர்ந்தேன். அடுத்த கொட்டகையிலிருந்து நாள் முழுக்க டொக் டொக் என்று சத்தம் வரும். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மூன்றாவது வருடம் ஏகாம்பரம் மாஸ்டரிடம் போய், நகாசுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டேன். பட்டறை அவருடையது. சிலைகளைக் களிமண்ணில் வடிப்பவரும் அவர்தான்.

"கை நடுங்குமா?" என்றார்.

"பசிச்சா நடுங்கும் மாஸ்டர். நாங்க பொழுது சாஞ்சப்புறம் சாப்பிட மாட்டோம். அஞ்சு மணிக்கு விட்டுட்டா நடுங்காது."

"நாளைக்கு வா."

இவ்வளவுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ. கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டைவிரலில் நிறைய அடி வாங்கினேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லாயிருக்கு என்றோ நல்லாயில்லை என்றோ அவர் வாயால் கேட்டவர்கள் கிடையாது. வேலை முடிந்தது என்று சொன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கட்டைவிரல் நகத்தைச் சிலையின்மேல் மெதுவாக ஓட்டுவார். ஒட்டுப்போட்ட இடம் எது என்று நகத்துக்குத் தெரியக் கூடாது. எங்கேயாவது நகம் தடுக்கினால் கண்ணைத் திறக்காமலே அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். தடுக்காவிட்டால் வட்டம் இருக்காது. பாராட்டு என்றால் அதுதான். அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டாமல் நீளமாக வைத்திருந்தார்.

எனக்கு விழுந்த முதல் பெரிய வட்டம் ஒரு நாயின்மேல். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, செத்துப்போன தன் நாய்க்குச் சிலை செய்யச் சொல்லியிருந்தார். கழுத்துக்கும் மார்புக்கும் நடுவில் ஒட்டு. ஒட்டை மறைக்க நான் ஒவ்வொரு முடியாகப் போட்டு முடித்துக் காத்திருந்தேன். மாஸ்டர் நகத்தை ஓட்டினார். தடுக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு மார்பு முழுக்கச் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டார். காரணம் சொல்லவில்லை. நான் ஒரு வாரம் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு கிரிவலப் பாதை நாய்களுக்குப் பின்னால் அலைந்தேன். அப்புறம்தான் பார்த்தேன். நாயின் கழுத்து முடி கீழே இறங்கும், மார்பில் இரண்டு பக்கமும் வந்து நடுவில் சுழிக்கும். நான் கழுத்திலிருந்து கால்வரை ஒரே வாக்கில் சீவிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து, கையை வைப்பதற்கு முன்னால் போய்ப் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இனி டாக்டர் கதை.

அடி அண்ணாமலையைத் தாண்டி மேற்கே ஒரு விவசாய ஊர். அங்கே அரசு கால்நடை மருந்தகத்தில் இராசமாணிக்கம் என்று ஒரு டாக்டர் வந்து சேர்ந்து, வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோதும் போகாமல், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் மாட்டு டாக்டர். அவர் இறந்ததும் ஊர்க்காரர்கள் மருந்தக வாசலில் மார்பளவு வெண்கலச் சிலை வைப்பது என்று முடிவு செய்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் வேலு என்ற விவசாயி. முதல் நாள் பட்டறைக்கு வந்தபோது ஒரு கோணிப்பை நிறைய மாட்டு மணிகளைக் கொண்டுவந்து கொட்டினார்.

"வூட்டுக்கு ஒண்ணு குடுத்துருக்காங்க மாஸ்டர். அவரு வைத்தியம் பாத்த மாடுங்க கழுத்துல கெடந்தது. இதையும் போட்டு உருக்கிடுங்க."

மாஸ்டர் ஒரு மணியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். மணி வெண்கலத்தில் வெள்ளீயம் ஜாஸ்தி. சத்தம் நன்றாக வரும், ஆனால் உலோகம் முரட்டுத்தனமாக இருக்கும். தட்டினால் நகர்வதற்குப் பதிலாக உடையப் பார்க்கும். இதெல்லாம் மாஸ்டருக்குத் தெரியாததல்ல. அவர் வேலுவின் முகத்தைப் பார்த்தார். "போட்டுடலாம்" என்றார்.

முகத்துக்கு மாதிரியாக ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. டாக்டர் போட்டோவுக்கு நிற்காத மனிதர். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிப்பதற்காக யாரோ செல்ஃபோனில் எடுத்த ஒரு படத்தை ஃப்ளெக்ஸ் கடையில் பெரிதாக்கியிருந்தார்கள். அதையே கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டிலும் மாட்டியிருந்தார்கள். அதன் நகல்தான் மாஸ்டரிடம் வந்தது. முன்தலை ஏறி, மீதி முடியைப் பின்னால் வாரிய, அறுபது வயது முகம்.

வார்ப்பு நன்றாக வந்தது. நகாசு என் பொறுப்பு. தட்டினால் மற்ற சிலைகள் டொக் என்னும். இது கணீரென்றது. பக்கத்து விடுதியில் தியானத்துக்கு வந்து தங்குகிறவர்கள் எங்கள் சத்தத்தைப் பற்றி அடிக்கடி புகார் சொல்வார்கள். இந்தச் சிலைக்கு மட்டும் ஒரு வெள்ளைக்காரர் வந்து, எந்தக் கோயில் மணி என்று விசாரித்தார். சிலையைக் காட்டியதும் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டரின் நகம் எங்கேயும் தடுக்காமல் ஓடியது. டாக்டருடைய மனைவி சகுந்தலா அம்மாவை வரச்சொன்னோம். ஊரில் அவரை டாக்டரம்மா என்பார்கள். வேலு கூட்டிவந்தார். முதலாண்டு நினைவு நாளில் சிலையைத் திறப்பதாக இருந்தது. அதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

டாக்டரம்மா சிலைக்கு எதிரே நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிடிக்காத புடவையை யாராவது எடுத்துக் கொடுத்தால் அப்படித்தான் சொல்வோம்.

"எதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்கம்மா. மாத்தலாம்" என்றேன்.

அவர் வேலுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு மாதிரி இருக்கு. அவரு இல்ல."

வேலு தலையைச் சொறிந்தார். "டாக்டருக்கு ஒரு தம்பி இருந்தா இப்படி இருப்பாரு மாஸ்டர்."

மாஸ்டர் போட்டோவை எடுத்துச் சிலைக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "இடது கன்னத்துல ஒரு பள்ளம் வெச்சிருந்தேனே. எங்க போச்சு?"

அந்தப் பள்ளத்தை நான்தான் அடைத்தேன். காற்று அடைபட்ட குழி என்று நினைத்து, உருக்கி நிரப்பி, மேலே தோல் போலத் தட்டி, ஒருவருக்கும் தெரியாமல் செய்துவிட்டோம் என்று பெருமையாக வேறு இருந்தேன்.

"காத்துக் குழின்னு நெனச்சேன் மாஸ்டர்."

"அது மாடு முட்டுன காயம்" என்றார் டாக்டரம்மா. "கன்னு போட கஷ்டப்பட்ட பசு. கொம்பால ஒரு இடி. நல்ல வேள கண்ணு தப்பிச்சுது."

மாஸ்டர் அந்தக் கன்னத்தில் சாக்கட்டி வட்டம் போட்டார். டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது என் பக்கத்தில் நின்று, மெதுவாக, "கேக்கறதுக்கு வாய் இருக்குல்ல" என்றார். அவர் என்னைத் திட்டியது மொத்த வேலைக்காலத்திலும் அந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டு நாளில் பள்ளத்தைத் திரும்ப வைத்தேன். டாக்டரம்மா மறுபடி வந்தார். பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பள்ளம் வந்துடுச்சு" என்றார்.

மற்றவர்கள் வெளியே போனதும் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஒங்க மேல தப்பில்லம்மா. வூட்டுல மாட்டியிருக்கற போட்டோவே எனக்கு வேத்து ஆளு மாதிரிதான் இருக்குது. தினம் பூ வெக்கறேன், தினம் யாரோ ஒருத்தருக்கு வெக்கற மாதிரியே இருக்குது. செத்துப்போனவங்க இப்படித்தான் தூரமா போயிடுவாங்கபோலன்னு நெனச்சுக்கறேன். நீங்க இத இப்படியே முடிச்சுடுங்க."

அப்படியே முடித்திருக்கலாம். மாஸ்டரும் அதைத்தான் சொன்னார்: "போட்டோல இருக்கறது சிலைல இருக்கு. அதுக்கு மேல என்ன பண்றது?" ஆனால் போட்டோவே வேற்று ஆள் மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னது என்னை விடவில்லை. துக்கத்தால் ஒருவர் முகம் தூரமாகப் போகுமா? போகலாம். ஆனால் வேலுவுக்கும் அப்படியே போகுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். டாக்டருடைய முகத்தைக் கிட்டத்தில், நிறைய நாள் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். மாடுகள்தான் என்று ஒருவர் சொன்னார். டாக்டரம்மாதான் யோசித்து, "அவரு வூட்டுல சவரம் பண்ணிக்க மாட்டாரு. ஒண்ணு வுட்டு ஒரு நாள் கோவிந்தன் கடைக்குத்தான் போவாரு" என்றார்.

கோவிந்தனின் சலூன் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. ஒரே நாற்காலி, எதிரே ஒரு பெரிய கண்ணாடி. இருபது வருடத்துக்கு மேல் டாக்டருக்குச் சவரம் செய்தவர். விஷயத்தைச் சொன்னதும், "செவ்வாக்கெழம கடை லீவு. வர்றேம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை வேலுவோடு வந்தார். சிலையைப் பார்த்த உடனே செருப்பைக் கழற்றினார்.

"தோ நிக்கறாரே டாக்டரு. அச்சு அசலு அவரேதான். இதப் போயி இல்லன்னு சொல்லுவாங்களா?"

மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவராவது தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வார் என்றுதானே கூட்டிவந்தேன்.

கோவிந்தன் சிலையைச் சுற்றி வந்தார். பின்னால் போனதும் பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. இடது கையால் தலையை இலேசாகச் சாய்ப்பது போல நெற்றியில் வைத்து, வலது கையை முன்னால் கொண்டுபோய், வலது கன்னத்தில் பெருவிரலை வைத்துத் தோலை இழுத்தார். கத்தி பள்ளத்தில் இறங்காமலிருக்க அந்த இடத்தை இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். விரல் அங்கேயே நின்றது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது.

"இங்கதான இருக்கணும்?" என்றார். முன்னால் வந்து பார்த்தார். "இருக்குதே." திரும்பவும் பின்னால் போய்க் கையை வைத்தார். "இல்லியே. இன்னாம்மா இது, கண்ணுக்கு இருக்குது, கைக்கு இல்ல."

"நீங்க அவரு மூஞ்சிய எங்கருந்து பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி நின்னுதான். கண்ணாடில..."

அவர் பாதியில் நிறுத்தினார். மாஸ்டர் அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டார். போட்டோவை எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பத்மா, ஆம்பள சட்டைல பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம்."

"இதுல பாரு."

போட்டோவில் பாக்கெட் டாக்டரின் வலது மார்பில் இருந்தது, பேனாவோடு.

"தையக்காரன் தப்பா தெச்சுட்டான்னு நெனச்சேன்" என்றார் மாஸ்டர். "சிலைல தப்பா நிக்கக் கூடாதேன்னு நானே இடது பக்கத்துக்கு மாத்துனேன். பாக்கெட்ட மாத்துனேன். மூஞ்சிய மாத்தணும்னு தோணல."

வேலு அங்கிருந்தே ஃப்ளெக்ஸ் கடைக்கு ஃபோன் போட்டார். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னாராம்: "மூஞ்சி வெளிப்பக்கமா பாத்துக்கினு இருந்துச்சு அண்ணே. பேரு இருக்கற பக்கம் பாத்தாதான் போஸ்டர் நல்லாருக்கும். அதான் படத்த திருப்பிட்டோம். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது." மூலப் படம் அவரிடம் இல்லை.

கை கழுவுமிடத்துக் கண்ணாடியைக் கழற்றிவந்து சிலைக்கு முன்னால் பிடித்தோம். வேலு கண்ணாடிக்குள் பார்த்தார். "யப்பா" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. கண்ணாடிக்குள் டாக்டர் இருந்தார். வெளியே அவருடைய தம்பி இருந்தார்.

மனித முகம் இரண்டு பக்கமும் ஒன்றில்லை என்று தெரியும். ஆனால் இவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் ஒரு ஆளை வேறு ஆளாக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளம் வலது கன்னத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த புருவம் இடது பக்கம். மூக்கு ஒரு நூல் அளவு வலது பக்கம் சாய வேண்டும், எங்களுடையது இடது பக்கம் சாய்ந்திருந்தது. வாயின் ஒரு ஓரம் சிரிக்கப்போவதுபோல் ஏறியிருக்கும், அதுவும் பக்கம் மாறிவிட்டது. இவ்வளவுதான்.

நினைவு நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுபடி மெழுகிலிருந்து தொடங்கினால் ஒரு மாதம் ஆகும். மாஸ்டர் என்னைக் கேட்டார்: "வார்த்தத கையாலயே திருப்ப முடியுமா?"

"தெரியல மாஸ்டர்."

"சரி, பண்ணு. தெரியும்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

மேசையில் கண்ணாடியை நிறுத்தி, அதற்கு எதிரே போட்டோவைச் சாய்த்து வைத்தேன். போட்டோவை நேராகப் பார்ப்பதில்லை என்று முடிவு. கண்ணாடியில் மட்டும்தான் பார்ப்பேன். முதலில் இடது கன்னத்துப் பள்ளம் போக வேண்டும். இந்தத் தடவை நிரப்பவில்லை. சிலை உள்ளே வெறும் கூடு. அடிப்பக்கம் திறந்திருக்கும். நுனி வளைந்த நீண்ட இரும்புக் கம்பியை அடி வழியாக உள்ளே விட்டு, கன்னத்தின் உட்புறத்தில் நுனியை வைத்து, வெளியே நீட்டியிருக்கும் கம்பியைத் தட்டினால், அந்த அதிர்ச்சியில் உள்ளிருந்து உலோகம் எழும்பும். அப்படியே இடது புருவத்தையும் வாயின் மறு ஓரத்தையும் எழுப்பினேன். வலது கன்னத்தில் பள்ளம் இறக்க வேண்டும். அதற்கு உட்புறத்தில் அரக்கும் செங்கல்தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவையை அப்பி இறுகவிட்டு, வெளியிலிருந்து உருண்டைக் கம்பியால் தட்டினேன். உள்ளே மெத்தை இருந்தால்தான் அடித்த இடம் மட்டும் இறங்கும். இல்லாவிட்டால் கன்னமே உள்வாங்கிவிடும். மணி வெண்கலம் என்பதால் ஒவ்வொரு தடவையும் ஊதுகுழல் நெருப்பில் சூடு காட்டி, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவி எழும்பும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பத்துத் தட்டு, மறுபடி சூடு. வலது கன்னத்துக்கு மட்டும் மூன்று நாள் ஆனது.

மூக்கைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஏழாவது நாள் மூக்கில் கை வைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் கணீர் கணீர் என்று சத்தம். மதியத்துக்கு மேல் ஒரு தட்டுக்குச் சத்தம் மாறியது. உடைந்த மண் பானையைத் தட்டினதுபோல் கரகரவென்று. என் கை அந்தரத்தில் நின்றது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மூக்கின் இடது மடலிலிருந்து கன்னத்துக்கு ஒரு முடி அளவு விரிசல் போயிருந்தது.

மாஸ்டர் தூரத்தில் இருந்தே சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார். வெல்டர் பாஷா பாயையும் கூப்பிட்டார். விரிசல் தொடர்ந்து ஓடினால் முகம் இரண்டாகிவிடும். பாஷா பாய் விரிசல் முடியும் இடத்தைத் தேடிப்பிடித்து, அந்த நுனியில் ஊசி மாதிரி ஒரு துளை போட்டார்.

"இதுக்கு மேல ஓடாது தங்கச்சி. ஓட்டம் வட்டத்துல வந்தா நின்னுடும்" என்றார். பிறகு அதே வார்ப்பில் மிஞ்சிய குச்சியை உருக்கி விரிசலை மூடினார். மூடிய இடம் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பளிப்பூச்சி மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

அதைத் தோலாக்க வேண்டும். அறுபது வயது மூக்கில் தோல் வழுவழுவென்று இருக்காது. சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், ஒன்றைப்போல ஒன்று இருக்காது. என்னிடமிருந்த கம்பிகள் எல்லாம் ஒழுங்கான புள்ளி போடுபவை. ஒரு புதுக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, உடைந்த சாணைக்கல்லின்மேல் வைத்து ஓர் அடி அடித்தேன். கல்லின் சொரசொரப்பு அப்படியே நுனியில் பதிந்தது. அதைத் திருப்பித் திருப்பி வைத்துத் தட்டினேன், நுனி ஒரே வாக்கில் இரண்டு தடவை விழாமல். வேலை செய்துகொண்டிருந்தபோது டீ கொண்டுவந்தவருடைய மூக்கையும் பாஷா பாய் மூக்கையும் நான் முறைத்துப் பார்த்ததாகப் பிற்பாடு பட்டறையில் சொல்லிச் சிரித்தார்கள்.

மூக்கை முழுக்கத் திருப்ப முடியவில்லை. விரிசலுக்குப் பிறகு தைரியம் வரவில்லை. இடது பக்கச் சாய்வை எடுத்து நேராக்கி, வலது பக்கம் மடலை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கினேன். அதன் நிழல் விழும்போது மூக்கு அந்தப் பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். ஏமாற்று வேலைதான். மாஸ்டர் கண்ணை மூடி நகத்தை ஓட்டினார். விரிசல் இருந்த இடத்தில் மூன்று தடவை ஓட்டினார். சாக்கட்டியை எடுக்கவில்லை.

நடுவில் ஒரு யோசனை வந்துகொண்டே இருந்தது. நாம் யாரும் நம் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. கண்ணாடியில்தான் பார்க்கிறோம். அப்படியானால் டாக்டருக்குத் தெரிந்த டாக்டர் முகம் எது? நான் பாடுபட்டு அழித்துக்கொண்டிருந்ததே, அதுதான். அவரே எழுந்து வந்து பார்த்திருந்தால், முதலில் செய்ததைக் காட்டி இதுதான் நான் என்றிருப்பார். கோவிந்தன் அவருக்குச் சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் சிலை அவர் பார்ப்பதற்காக வைப்பதில்லையே.

நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டரம்மா வந்தார். வேலு அவரிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தார். சரியான பக்கத்துக்குத் திருப்பி அச்சடித்த போட்டோ ஒன்றையும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் சிலையை வைத்திருந்தோம். அவர் எதிரே வந்து நின்றார். கையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். வேலு மெதுவாக நகர்ந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

டாக்டரம்மா என்னிடம், "ஏம்மா, இத அந்தப் பக்கமா திருப்ப முடியுமா?" என்று கேட்டார்.

மறுபடி ஏதோ சரியில்லை என்று நினைத்தேன். நானும் பாஷா பாயும் சேர்ந்து சிலையைத் திருப்பினோம். முதுகும் பிடரியும் அவர் பக்கம் வந்தன. அங்கே சட்டைக் காலருக்கு மேலே வழுவழுவென்று ஒரு கழுத்து இருந்தது. எந்தப் போட்டோவிலும் இல்லாத இடம். மாஸ்டர் பொதுவாக ஒரு கழுத்தை வைத்திருந்தார், நானும் பொதுவாகத் தேய்த்து விட்டிருந்தேன்.

"இங்க ரெண்டு மடிப்பு இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "மேல இருக்கறது ஆழம். கீழ இருக்கறது பாதியோட நின்னுடும். அவரு வண்டி ஓட்டுவாரு, நான் பின்னாடி ஒக்காந்துப்பேன். முப்பத்தி நாலு வருஷம். எந்த ஊருக்குப் போனாலும் இதத்தான் பாத்துக்கினு போவேன். வேர்வ அந்த மடிப்புலதான் வந்து நிக்கும்."

மாஸ்டர் தன் சாக்கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார். அதை அவர் வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா யோசிக்கவே இல்லை. ஒரே இழுப்பில் மேல்கோடு, கொஞ்சம் வலது பக்கம் இறங்கி. அதன் கீழே பாதிக் கோடு. நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சூடு காட்டி, நெல்மணிக் கம்பியை எடுத்து அந்தக் கோட்டின்மேல் தட்ட ஆரம்பித்தேன். அவர் உட்காரவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம்" என்றார். "ஆங், போதும்" என்றார். கீழ் மடிப்புக்கு, "இவ்ளோ ஆழம் வேணாம், இது கம்மியாத்தான் இருக்கும்" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாஸ்டர் நகத்தைக் கொண்டுவரவில்லை. டாக்டரம்மாதான் விரலை வைத்துப் பார்த்தார், மேல் மடிப்பில் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரைக்கும்.

உலோகம் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அவர் புடவைத் தலைப்பை எடுத்து, அந்த மடிப்பை ஒரு தடவை துடைத்துவிட்டார்.